பொருளாதாரம் மேல்படிப்பு: கணக்கை முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பி.ஏ. பொருளாதாரம் முடித்தவர்கள் மேலே என்ன படிக்கலாம் என்று கல்விப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாட்டுத்தீவனக் கடையில் அன்றைய பேப்பரில் அந்தப் பக்கம் மட்டும் இல்லை, என் மகள் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பட்டியலில் தப்பு எதுவும் இல்லை. அதில் விட்டுப்போன ஒரு விஷயத்தால் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் வீணானது, அதனால் எழுதுகிறேன்.

விட்டுப்போனது கணக்கு. என் மகள் கணக்குக்குப் பயந்துதான் பிளஸ் டூவில் ஹியூமானிட்டீஸ் எடுத்தாள், அப்புறம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தாள், நல்ல மார்க்கோடு முடித்தாள். மூன்று வருஷத்தில் புள்ளியியல் என்று ஒரு தாள் வந்தது, சராசரியும் திட்டவிலக்கமும் மனப்பாடம் பண்ணியே தாண்டிவிட்டாள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர்வதற்கான சியூஇடி பிஜி நுழைவுத் தேர்வு எழுதப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. 75 கேள்வி, சரியாக இருந்தால் 4 மார்க், தப்பானால் 1 மார்க் பிடிப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்கவும் முடியாது. வகைக்கெழு, அணி (மேட்ரிக்ஸ்), நிகழ்தகவு, ரிக்ரஷன் என்று வந்துகொண்டே இருந்ததாம். வெளியே வந்து, "அப்பா, இது எகனாமிக்ஸ் பேப்பரா, மேத்ஸ் பேப்பரா?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்! மூட்டைக்குப் பத்து ரூபாய் ஏற்றினால் எத்தனை மூட்டை குறைச்சலாகப் போகும் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன், அதையேதான் அங்கே வகைக்கெழுவாக்கிக் கேட்கிறார்கள் என்று அவள் பிறகு சொல்லித்தான் புரிந்தது.

இன்னொன்று, பட்டப்படிப்புக்கான சியூஇடி தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. முதுகலைக்கு வந்தால், மொழிப் பாடங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆங்கிலமும் இந்தியும்தான். பட்டியலில் இதற்கும் ஒரு வரி இடம் இருந்திருக்கும்.

அடுத்தது பட்டத்தின் பெயர். எல்லாவற்றையும் 'பொருளாதாரம் சார்ந்த படிப்புகள்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறை வேறு, புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத்தை அளக்கும் எகனாமெட்ரிக்ஸ் துறை வேறு. சென்னை கோட்டூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நிதிப் பொருளாதாரம், சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்று தனித்தனி எம்.ஏ. இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தொடங்கி, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லில் கட்டிக்கொடுத்த வளர்ச்சி ஆய்வு மையத்தில் அப்ளைடு எகனாமிக்ஸ். படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு எகனாமிக்ஸ், அப்ளைடு எகனாமிக்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ் இவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம் வேண்டும். பட்டத்தில் வேறு பெயர் இருந்தால், உள்ளே படித்தது என்னவாக இருந்தாலும், விண்ணப்பத்திலேயே சிக்கல். சேருவதற்கு முன்னால் தெரிய வேண்டிய விஷயம் இல்லையா இது?

எல்லையில் இருக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாடு. வீடு கேரளம், பட்டம் தமிழ்நாடு. இந்தப் பட்டத்தை வைத்து இங்கே சேர தனியாகச் சான்றிதழ் வேண்டுமா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டோம். ஒரு கவுண்டரில் வேண்டும் என்றார்கள், பக்கத்துக் கவுண்டரில் வேண்டாம் என்றார்கள். இரண்டு பேருமே ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். எழுதித் தாருங்கள் என்றதும் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர். பின்னர் அந்தப் பதவிக்கு வந்த ஜான் மத்தாய் பெயரில் திருச்சூர் அரணாட்டுக்கரையில் இருக்கும் மையத்தில்தான் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறை நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் சித்தூர் தாலுகாவில் பிள்ளைகளுக்கு வழி சொல்ல ஆள் இல்லை. இத்தனைக்கும் இங்கே படிக்கப் பொருளாதாரத்துக்குப் பஞ்சமே கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் நெல்லுக்கு ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. ஆழியாற்றுத் தண்ணீரில் தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 ஒப்பந்தப்படி எங்கள் சித்தூர் புழை ஆற்றுக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சிக்கு வருஷா வருஷம் பேச்சுவார்த்தை. தென்னங்கள்ளு இங்கிருந்து கேரளம் முழுக்கப் போகிறது. என் மகள் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுவதும் அந்த நெல் விலையைப் பற்றித்தான்.

இப்போது அவள் தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தை இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் போட்டுப் பார்க்கிறாள். இலவசம், தமிழிலேயே இருக்கிறது, விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்கிற தேவை நெகிழ்ச்சி, கூடுதலாக ஒன்று தயாரிக்க ஆகிற இறுதிநிலைச் செலவெல்லாம் வகைக்கெழு வைத்தே சொல்லித் தருகிறார்கள். கணக்கே படிக்காமல் பி.ஏ. வந்தவர்கள் தயங்காமல் இதிலிருந்து தொடங்கலாம். பட்டம் வாங்கிய பிறகு பதினொன்றாம் வகுப்புக் கணக்கா என்று முதலில் கூச்சப்பட்டாள், இப்போது இல்லை.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு படிப்புக்கும் எதிரே, நுழைவுத் தேர்வில் கணக்கு எவ்வளவு, கேள்வித்தாள் எந்த மொழியில், பட்டத்தில் என்ன பெயர் வரும் என்று மூன்று கட்டம் சேருங்கள். பி.ஏ. முடிக்கிற மே மாதத்தில் போடாமல், பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கிற நேரத்தில் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.