அந்த நீர்வண்ண ஓவியத்தை இடம் மாற்றுங்கள்

ஓவியக்கூடம், கடைகள், உணவகங்கள் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்தும் கட்டட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் செருப்பு வாங்கத்தான் உங்கள் கட்டடத்துக்கு வந்தேன். நகரும் படியில் ஏறும்போது சுவரில் ஒரு நீர்வண்ண ஓவியம் கண்ணில் பட்டது. திரும்ப இறங்கி வந்து கால் மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். டிக்கெட் எடுத்து அருங்காட்சியகம் போகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. என்னைப் போன்றவர்களை ஓவியத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியது உங்கள் கட்டடம்தான். நன்றி. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஓவியம் உணவக வாசலை ஒட்டி மாட்டியிருக்கிறது. எதிர்க்கடையின் ஸ்பாட்லைட் நேராக அதன்மேல் விழுகிறது. காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்துக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள்; எண்ணெய் வண்ணத்துக்கே 200 லக்ஸ் போதும். பொருளை எடுப்பாகக் காட்டக் கடைக்காரர்கள் போடும் விளக்கு இதைவிடப் பல மடங்கு. வெளுத்த நிறம் திரும்பி வராது. இரவில் விளக்கை அணைத்தாலும் பகலில் பட்ட வெளிச்சம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கதவு திறக்கும்போதெல்லாம் சமையலறை ஆவி வேறு வருகிறது. ஓவியச் சட்டகத்தின் கீழ் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்ததைப் பார்த்தேன். காகிதம் ஈரம் குடித்தால் நெளியும், பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம் பெயர்ச்சீட்டு. அதன் முன்னால் தள்ளுபடிப் பலகையை நிறுத்தியிருந்தார்கள். பலகையை நகர்த்திய பிறகுதான் வரைந்தவர் பெயரைப் படிக்க முடிந்தது.

சாப்பாடும் கலையும் சேரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எப்படிச் சேர்க்கிறோம் என்பது முக்கியம். நியூயார்க்கின் ஃபோர் சீசன்ஸ் உணவகத்துக்காக 1958-ல் ஓவியங்கள் வரைய ஒப்புக்கொண்ட ஓவியர் மார்க் ராத்கோ, அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்த பிறகு அவற்றைத் தர மறுத்துவிட்டார். அதே அமெரிக்காவில், வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில், டார்பிடோ என்ற நீருக்கடியில் பாயும் குண்டுகளைச் செய்த பழைய தொழிற்சாலை ஒன்று 1974 முதல் கலைக்கூடமாக இருக்கிறது. ஓவியர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே உள்ளே போய்ப் பேசலாம், பிடித்ததை வாங்கலாம்.

உங்கள் மேல்மாடியில் மூன்று கடைகள் காலியாகக் கிடக்கின்றன. ஒன்றையாவது ஓவியர்களுக்குக் கொடுங்கள். இந்த ஓவியத்தை உணவகப் பக்கமிருந்து உள்நடைக்கு மாற்றி, எதிரே ஒரு பெஞ்ச் போடுங்கள். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டி வருகிறேன். அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

இப்படிக்கு,
செருப்பு வாங்க வந்த ஒருவர்