கிருமி எண்ணிக்கையோடு காறலையும் பாருங்கள்

உயர் அழுத்த முறையில் இறைச்சியும் மீனும் பதப்படுத்தும் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் முறையின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. சூடே காட்டாமல், 400 முதல் 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் சில நிமிடம் வைத்து லிஸ்டீரியா போன்ற கிருமிகளை அடக்கிவிடுகிறீர்கள். 600 மெகாபாஸ்கல் என்றால் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 6,000 மடங்கு! ஆனால் கிருமி எண்ணிக்கையை மட்டும் வைத்து பொட்டலத்தில் காலாவதித் தேதி போடாதீர்கள், காறலையும், அதாவது இறைச்சியிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு வினைபுரிந்து (ஆக்சிஜனேற்றம்) கெட்டுப்போவதையும் பாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கொழுப்பைத் தனியே பிரித்து அழுத்தினால் பெரிய கேடில்லை. தசைக்குள் இருக்கும்போதுதான் சிக்கல். அழுத்தம் 300, 400 மெகாபாஸ்கலைத் தாண்டியதும் இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் புரதமான மயோகுளோபின் உருக்குலைகிறது. அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும் நிலைக்கு வருகிறது. செல் சவ்வுகளும் சிதைவதால், சவ்வில் இருக்கும், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அந்த இரும்பிடம் நேராக மாட்டிக்கொள்கின்றன. உலோக அயனிகளைப் பிடித்து வைக்கும் ஈடிடிஏவை முன்பே இறைச்சியில் கலந்துவிட்டால் இந்த ஆக்சிஜனேற்றம் வெகுவாகக் குறைகிறது. குற்றவாளி உலோகம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அழுத்தி எடுத்த அன்று முகர்ந்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது. குளிரில் வைத்த பிறகு, நாள் போகப் போகத்தான் காறல் வாடை தலைகாட்டும். அதற்குள் பொட்டலம் உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். கிருமிச் சோதனையில் தேறிய இறைச்சியை யாரோ ஒருவர் முகம் சுளித்துக் குப்பையில் போடுவார்.

அதனால் கொழுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு அளவையும் டிபிஏ அளவையும் கடைசி நாள் வரை எடுத்துப் பாருங்கள். கிருமி, காறல் இரண்டில் எது முதலில் எல்லை தாண்டுகிறதோ அந்த நாளையே தேதியாகப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி வேண்டாம். கோழியின் நெஞ்சுக்கறி தாங்கும் அளவுக்குத் தொடைக்கறி தாங்காது. எண்ணெய்ச்சத்துள்ள மீனுக்கு இன்னும் கவனம் தேவை. பொட்டலத்துக்குள் ஆக்சிஜன் தங்காமல் பாருங்கள். ரோஸ்மேரி சாறு போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் உதவும். கிருமிப் பாதுகாப்புக்குக் குறைந்த அழுத்தமே போதும் என்று சோதனையில் உறுதியானால், அதற்கு மேல் போகாதீர்கள்.

சரி, கருவியெல்லாம் இருக்கட்டும். கடைசி நாள் பொட்டலம் ஒன்றைத் திறந்து நீங்களே முகர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டில் அதைச் சமைப்பீர்களா?

அன்புடன்,
உங்கள் பொட்டலங்களை வாங்கும் ஒருவர்