எம்.சி.ஏ.வா, ஆறு மாதப் படிப்பா?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பயிற்சி நிறுவன விளம்பரத்தைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் (இணையதளத்தின் முன்பக்கம், பின்னணி இரண்டையும் செய்பவர்), வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம்! அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தேன். மாதத் தவணை என்கிறார்களே, அது அவர்கள் காட்டும் சலுகை இல்லை. ஒரு நிதி நிறுவனம் உன் பெயரில் தரும் கடன். பிடிக்காமல் நீ பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

கணக்கெழுதும் வேலை சலித்துவிட்டது என்றாய், புரிகிறது. புரோகிராமிங்குக்குத் தாராளமாகப் போ. ஆனால் பி.எஸ்சி. கணிதம் படித்தவளுக்கு எம்.சி.ஏ. என்ற கணினி முதுநிலைப் பட்டம் இருக்கும்போது இந்த வழி எதற்கு? 2020-இல் அதை மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு முயலலாம். நிம்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சி என்.ஐ.டி.க்கு. நிம்செட்டின் 1000 மதிப்பெண்ணில் 600 கணிதத்துக்கு. கணக்கு வாத்தியார் மகளுக்கு வேறென்ன வேண்டும்?

சென்னையில் ஆட்களைத் தேர்வு செய்யும் என் பழைய மாணவனிடம் விசாரித்தேன். வருகிறவர்களுக்கு இணையப் பக்கம் செய்யத் தெரிகிறது, அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள் என்றான். கல்லூரியில் நீ படித்த கிராஃப் தியரியையே எடுத்துக்கொள், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம். மிகக் குறைந்த தூரப் பாதையைக் கண்டுபிடிக்கக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறையை அட்டவணை போட்டுச் செய்தாய் அல்லவா? அதையே பத்து லட்சம் தெருச்சந்திப்புகளுக்குச் செய்ய வேண்டுமென்றால், அடுத்து எந்தச் சந்திப்பு என்று ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் துழாவிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு, மிகச் சிறியதை எப்போதும் மேலேயே வைத்திருக்கும் ஹீப் என்ற அமைப்பு வேண்டும். இப்படித் தரவை அடுக்கிவைக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஆறு மாதத்தில் தொட்டு நக்கலாம், செரிக்க முடியாது.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். பட்டத்தை உன் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடம் முடித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். உனக்கு இன்னொரு இளநிலைப் பட்டம் தேவையில்லை.

வேலையை இப்போதே விட்டுவிடாதே. சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் புரோகிராமிங் பாடம் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இருக்கிறது. எட்டு வாரம், இலவசம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் பணம். பயிற்சிகளுக்கு விடையை இணையத்தில் தேடாமல் நீயே போட்டுப் பார். ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு மணி பதினொன்றானதே தெரியாமல் உட்கார்ந்திருந்தாயானால் விண்ணப்பம் போடலாம். கொட்டாவிதான் வந்தது என்றாலும் சொல், வேறு யோசிப்போம். எனக்கு அதில் வருத்தமில்லை.

செலவை எண்ணி அம்மா கவலைப்படுகிறாள். வங்கிக் கல்விக்கடனைப் படிப்பு முடிந்த பிறகு கட்டத் தொடங்கினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

டான்செட் வழக்கமாக மார்ச்சில் வரும், நிம்செட் ஜூனில். உன் மதிப்பெண் பட்டியல்கள் பீரோவில் இருக்கின்றன. நகல் எடுத்து அனுப்புகிறேன். அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு மட்டும் முன்பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா