ஸ்கேட் வாங்கும்போது "வளருற பிள்ளை" என்று ஒரு சைஸ் கூட்டாதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நல்லூர்க் கொடியேற்றம் நெருங்குகிறது. கனடாவிலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் கடைக்கு வரும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "தம்பி, பேரன் அங்க ஐஸ் ஹொக்கி விளையாடுறான். அவன்ர பிறந்தநாளுக்கு ஸ்கேட் வாங்கக் காசு குடுக்கப் போறன். என்ன சைஸ் எண்டு காலைப் பார்த்துச் சொல்லு." இம்முறை அதற்கு ஆறுதலாக எழுத்திலேயே பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஐஸ் ஸ்கேட் என்பது பனித்தரையில் சறுக்குவதற்கு அடியில் இரும்புப் பிளேட் பூட்டிய பூட்ஸ். எங்கள் கடையில் அது இல்லை. நாங்கள் விற்பது பள்ளிக்கூடச் சப்பாத்தும் உதைபந்தாட்டப் பூட்ஸும் ஓட்டச் சப்பாத்தும்தான். ஆனால் கால் அளவெடுப்பது எங்களுடைய அன்றாட வேலை. அந்த அளவைச் சரியாக எடுத்து அனுப்பினால், அங்கே கடையில் பாதி வேலை முடிந்துவிடும்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது இங்கே நடப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு அளவான சப்பாத்தைப் போட்டுக் காட்டுவோம். தாய் குனிந்து பெருவிரல் பக்கம் அமத்திப் பார்ப்பார். "ஒரு சைஸ் பெரிசாத் தாங்கோ, வளருற பிள்ளை" என்பார். நாங்களும் எடுத்துக் கொடுப்போம். முன்னுக்குக் கொஞ்சம் பஞ்சு வைத்து, தடித்த மேசும் (காலுறையும்) போட்டால் வருடம் முழுக்க ஓடிவிடும். இன்றைய விலைவாசியில் அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. தரையில் நடக்கிற கால் அதை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். பனியில் நிற்கிற கால் சமாளிக்காது.

இதை நான் படித்தது என் மருமகனின் காலில். தங்கை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளுடைய மகனுக்கு முதல் ஸ்கேட் வாங்கப் போகும்போது என்னிடம்தான் கேட்டாள். சப்பாத்துக்கடை வைத்திருக்கிற அண்ணன் அல்லவா. இங்கே சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்: அவன் போடுகிற சப்பாத்தின் இலக்கத்துக்கு மேல் ஒன்று கூட்டி வாங்கு, இரண்டு வருடம் போடலாம். அவளும் அப்படியே வாங்கினாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் அனுப்பிய வீடியோ இன்னும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. பிள்ளையின் இரண்டு கணுக்காலும் உள்பக்கம் சரிந்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "இவனுக்குக் கணுக்காலில பெலன் இல்லை அண்ணா" என்றாள் தங்கை. மாசி மாதம் அவன் இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அந்த ஆவணியில் அவர்கள் திருவிழாவுக்கு வந்தபோது அவனைக் கடையில் இருத்தி அளந்தேன். வலது கால் 22.1 சென்ரிமீற்றர், இடது 22.5. ஸ்கேட்டின் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு கோடை முழுக்க வளர்ந்த பிறகும் அது அவனுக்குப் பெரிதாகவே இருந்தது. கணுக்காலில் ஒரு குறையும் இல்லை. நான் சொன்னதுதான் பிழை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடி அறிந்துகொண்டேன்.

ஸ்கேட்டின் அடியில் இருக்கும் பிளேட்டின் தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான். முழு உடம்பும் அதன்மேல் நிற்கிறது. பிள்ளை திரும்ப நினைத்தால் முதலில் கால் சாயவேண்டும், காலோடு பூட்ஸ் சாயவேண்டும், பூட்ஸோடு பிளேட் சாயவேண்டும். உள்ளே கால் ஆடினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். குதி மேலெழும்பும், கணுக்கால் உள்ளே விழும், விரல்கள் பிடிமானம் தேடிச் சுருண்டுகொள்ளும். கொஞ்ச நேரத்தில் பாதத்தின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கும். பெற்றோர் லேஸை இன்னும் இறுக்குவார்கள். அப்போது கணுக்காலின் முன்பக்கத்தில் லேஸ் வெட்டும். கால் மரத்துக் குளிரும். பிள்ளை அழும். "பெலன் இல்லாத கணுக்கால்" என்று சொல்லப்படுவதில் எத்தனையோ, தொளதொளத்த ஸ்கேட்தான்.

அடுத்தது இலக்கக் குழப்பம். இங்கே நாங்கள் விற்கும் பெரும்பாலான சப்பாத்துகளில் இருப்பது பிரித்தானிய இலக்கம். கனடாவில் சப்பாத்துக்கு அமெரிக்க இலக்கம். அது எங்களுடையதைவிட ஏறக்குறைய ஒன்று கூட. இங்கே 5 போடுகிறவர் அங்கே ஆண்கள் சப்பாத்தில் 6. பெண்களின் சப்பாத்து இலக்கம் அதிலிருந்தும் ஒன்றரை அளவில் மேலே போகும். ஸ்கேட்டின் இலக்கமோ, அமெரிக்க ஆண்கள் சப்பாத்து இலக்கத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை குறையும். ஆகவே அங்கே 6 போடுகிறவருக்கு நாலரை அல்லது ஐந்து இலக்க ஸ்கேட்தான் பொருந்தும். என் தங்கை குறைக்கவேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறாள். தொலைபேசியில் "பிள்ளைக்கு மூண்டாம் நம்பர்" என்று மட்டும் சொன்னால் எந்த மூன்று என்று யாருக்கும் தெரியாது. சென்ரிமீற்றரில் சொல்லுங்கள். அதில் குழப்பம் இல்லை.

கடையில் போட்டுப் பார்க்கும் விதத்தைப் பிள்ளையோடு போகிற தாய் தகப்பனுக்குச் சொல்லிவிடுங்கள். லேஸை நன்றாகத் தளர்த்திக் காலை உள்ளே விட்டதும், குதியைப் பின்பக்கமாகத் தரையில் இரண்டு மூன்று தரம் தட்டவேண்டும். குதி அதன் குழியில் போய் உட்கார்ந்த பிறகுதான் லேஸ். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரலின் நுனி முன்மூடியை மெல்லத் தொடவேண்டும், மடங்கக் கூடாது. "கடிக்குது" என்று பிள்ளை சொல்லும். உடனே பெரிய சைஸ் கேட்காமல், விளையாடும்போது நிற்பதுபோல முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். மடித்ததும் குதி பின்னுக்குப் போகும், விரல் முன்மூடியை விட்டுக் கொஞ்சம் விலகும். அப்படி விலகினால் நீளம் சரி. மடித்த பிறகும் விரல் நெருக்குப்பட்டால்தான் அது சின்னது.

பென்சிலால் ஒரு சோதனையும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. லேஸ் கட்டாமல், பூட்ஸின் நாக்கை முன்னுக்கு இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது லேஸ் துளைகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வையுங்கள். இரண்டு பக்கத் துளைகளையும் தொட்டு அது மட்டமாகக் கிடந்தால் நல்லது. நடுவில் கால் மேலே தள்ளி, பென்சில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால், அந்த பூட்ஸின் ஆழம் அந்தக் காலுக்குப் போதாது. நீளம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை வாங்கவேண்டாம். மேற்பாதத்தில் வலி எடுக்கும்.

அகலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே அளவெடுக்கும் கால்களில் முன்பாதம் அகலமாகவும் குதி ஒடுக்கமாகவும் இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். உதைபந்தாட்டப் பூட்ஸ் வாங்க வருகிற பெடியன்கள் பக்கவாட்டில் நெருக்கினால் உடனே ஒரு சைஸ் நீளமாகக் கேட்பார்கள். அகலத்துக்கு நீளம் மருந்தல்ல. ஸ்கேட்டில் இதற்கு நல்ல வசதி உண்டு. ஸ்கேட் செய்கிற பௌவர் கம்பனி ஒரே நீளத்தில் ஃபிட் 1, ஃபிட் 2, ஃபிட் 3 என்று மூன்று வடிவங்களில் தருகிறது. 1 ஒடுக்கமும் ஆழம் குறைந்ததும், 3 அகலமும் ஆழமும். சிசிஎம் கம்பனியும் ஒடுக்கம், சாதாரணம், அகலம் என்று மூன்று வைத்திருக்கிறது. எல்லா விலை ஸ்கேட்டுகளிலும் மூன்றும் கிடைக்காது. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். பௌவர் 1927 இல் ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் தொடங்கியது, சப்பாத்துத் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு குடும்பத்திடமிருந்து. இந்த விஷயத்தில் எனக்குத் துணிவு வந்தது அதை அறிந்த பிறகுதான். ஸ்கேட்டும் அடிப்படையில் ஒரு சப்பாத்துத்தான்.

புதுத் தோற்செருப்புக்கு எண்ணெய் பூசி இளக்குவதுபோல, அங்கே ஸ்கேட்டைச் சூடாக்கிக் காலுக்கு அமைப்பார்கள். கடையில் அதற்கென்று ஒரு சூளை இருக்கிறது. ஏறக்குறைய 80 பாகை செல்சியஸில் சில நிமிடங்கள். வெளியே எடுத்ததும் பிள்ளை அதைப் போட்டு, லேஸ் கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும். எழுந்து நடக்கக் கூடாது. லேஸைக் கட்டும்போது மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுக்கவேண்டும்; சூட்டில் துளைகள் பிய்ந்துபோகும். அன்றைக்கு அதைப் போட்டு விளையாடவும் கூடாது. தயவுசெய்து வீட்டு அடுப்பில் இதைச் செய்ய வேண்டாம். இன்னொன்று, சூடாக்குவதால் பூட்ஸ் காலின் வடிவத்துக்கு இளகும், அவ்வளவுதான். நீளம் தப்பான ஸ்கேட் சூளையால் சரிவராது.

மேசு ஒரு சோடி, மெல்லியது. குளிருமே என்று இரண்டு சோடி போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும்.

பெரியவனின் ஸ்கேட்டைச் சின்னவனுக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு பருவத்துக்கு மேல் அந்த அளவு எப்படியும் நிற்காது. கொடுப்பதற்கு முன் கணுக்கால் பகுதியை இரண்டு கையாலும் அமத்திப் பாருங்கள். துணிபோல மடங்கினால் அது முடிந்துவிட்டது. பிளேட்டில் தீட்டுவதற்கு இன்னும் உருக்கு மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். புது ஸ்கேட்டையும் தீட்டிய பிறகுதான் பனியில் இறக்கவேண்டும். கடையிலேயே தீட்டித் தருவார்கள்.

சரி, வளருகிற பிள்ளைக்கு இடமே விடக்கூடாதா? அரை இலக்கம் விடலாம். லேஸ் கட்டாத ஸ்கேட்டில் விரலை முன்மூடியில் முட்டவிட்டு, குதிக்குப் பின்னால் உங்கள் சுட்டுவிரலை இறக்கிப் பாருங்கள். ஒரு விரல் இறுக்கமாகப் போகலாம். இரண்டு விரல் போனால் திருப்பி வைத்துவிடுங்கள். மிச்சப்பட்ட காசுக்குத் தலைக்கவசம் நல்லதாக வாங்கலாம்.

அளவெடுக்க வரும்போது பிள்ளையைக் கட்டாயம் கூட்டிவாருங்கள். பழைய செருப்பைக் கொண்டுவந்தால் போதாது. விமானத்தால் இறங்கிய அன்றும், கோயில் வீதியில் மணிக்கணக்காக நின்றுவிட்டும் வரவேண்டாம். கால் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் நிற்கவைத்துத்தான் அளப்போம்; பெரிய காலின் அளவுதான் கணக்கு. நீளம், முன்பாத அகலம், மேற்பாதத்தின் உயரம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, காலின் வரைபடத்தையும் சேர்த்துத் தருவோம். அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். இதற்குக் காசு இல்லை. திருவிழா நாட்களில் காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை வந்தால் கடையில் நெரிசல் குறைவு. தேர், தீர்த்தம் இரண்டு நாளும் கடை பூட்டு.

மருமகன் இப்போது அளவான ஸ்கேட்டில் விளையாடுகிறான். இந்த ஆவணியிலும் வருகிறான். அவனுடைய அட்டையில் மூன்றாவது வரி எழுதவேண்டும்.

அன்புடன்,
உங்கள் சப்பாத்துக்கடைக்காரன்
கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்