பாக்கெட்டில் அச்சிடாத வேகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மின்வாரியத்தில் 32 வருடம் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். கம்பம் கம்பமாக ஏறி ஃபால்ட் தேடிய எனக்கு, வீட்டுக் கணினியில் வந்த ஒரு ஃபால்ட் மூன்று நாள் தண்ணி காட்டிவிட்டது. அந்தக் கதையையும் அதை ஒட்டிய ஒரு கோரிக்கையையும் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். ஒயர் பற்றிய இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

சென்ற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வீடியோ, போட்டோ எல்லாம் சேர்த்து 148 ஜிபியை ஸ்டுடியோக்காரர் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார். "நாலு நாள்ல டிஸ்க் திரும்ப வேணும் சார்" என்றார். ஒயர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் செல்போன் சார்ஜர் ஒயர் அந்த டிஸ்க்கில் அழகாகப் பொருந்தியது. சம்பந்தி அன்று இரவு ஊருக்குக் கிளம்ப இருந்தார். அவருக்காகப் புதிதாக ஒரு 256 ஜிபி பென் டிரைவும் வாங்கி வைத்திருந்தேன். "காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஏத்திடலாம் சம்பந்தி" என்று வாயை விட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தேன். டிஸ்க்கிலிருந்து கணினிக்கு இறங்கவே 75 நிமிடம் ஆனது. திரையில் வேகம் நொடிக்கு 33 எம்பி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்புறம் பென் டிரைவில் ஏற்றினால், முதலில் கொஞ்ச நேரம் 30க்கு மேல் ஓடிவிட்டு 9க்கு இறங்கி அங்கேயே படுத்துக்கொண்டது. ஏழரை மணிக்கு சம்பந்தி செருப்பை மாட்டும்போது பாதி கூட ஏறவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி என் ஒயரையே மாட்டி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு வீக் சார், மாத்திடுங்க, 6,500 ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்துவிட்டேன்.

வீட்டில் நானே பார்த்தேன். பெட்டியின் முன்பக்கம் இரண்டு கறுப்பு யூஎஸ்பி ஓட்டைகள். பின்னால் நீல நிறத்தில் இரண்டு. நீலம் வேகமானது என்று என் பேரன் சொல்லியிருந்தான். அதே போன் ஒயரை நீலத்தில் மாட்டினேன். 33தான். சரி, ஓட்டையில் கோளாறில்லை என்று பழையபடி முன்பக்கத்துக்கே வந்தேன். ஸ்டுடியோவுக்குப் போன் போட்டதில், "அதுக்குத் தனி ஒயர் இருக்கே சார்" என்று மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். முனை அகலமாக, நடுவில் ஒரு வெட்டு விட்டு, இரண்டு பல் சேர்ந்தது போல இருந்தது. அதை முன்பக்கம் மாட்டினேன். அப்போதும் 33. ஆக, ஒயரிலும் கோளாறில்லை. கடைக்காரத் தம்பி சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

ராத்திரி ஒரு பழைய மழைக்காலம் ஞாபகம் வந்தது. ஒரே லைனில் இரண்டு கம்பத்தில் ஜம்பர், அதாவது இரு கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி, அறுந்து கிடந்தது. ஒன்றைக் கட்டிவிட்டுப் பார்த்தோம், விளக்கு எரியவில்லை. "இது இல்லை" என்று அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தால் விடிய விடியத் தேடியிருப்போம். நான் இரண்டு நாளாகச் செய்தது சாட்சாத் அதையேதான். காலையில் பல் தேய்க்கும் முன்னால், ஸ்டுடியோ ஒயரை நீல ஓட்டையில் மாட்டினேன். 110 எம்பி. 148 ஜிபியும் 22 நிமிடத்தில் இறங்கியது.

காரணம் இதுதான். யூஎஸ்பியில் பழைய தலைமுறை 2.0, அடுத்தது 3.0. பழைய 2.0க்கு உள்ளே நாலு தொடுமுனைகள். 2008இல் வந்த 3.0க்கு அதோடு ஐந்து கூடுதல், ஆக ஒன்பது. டிஸ்க்கிலுள்ள அகலமான ஓட்டையின் ஒரு பாதி, பழைய செல்போன் சார்ஜர் முனையின் அதே வடிவம். அதனால் போன் ஒயர் நன்றாக உட்கார்ந்துகொள்ளும், வேலையும் செய்யும். ஆனால் அந்த ஐந்து முனைகளும் சும்மா கிடக்கும். மூன்று ஃபேஸ் வரும் இடத்தில் ஒரு ஃபேஸை மட்டும் இழுத்துக்கொண்டு மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கேட்பது மாதிரி. ஓட்டை, ஒயர், சாதனம் மூன்றில் எது ஒன்று பழசாக இருந்தாலும் மொத்தமும் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். எல்லாக் கம்பெனியும் நீலம் போடுவதில்லை. சிலதில் ஓட்டைக்குப் பக்கத்தில் எஸ்எஸ் (SS, சூப்பர் ஸ்பீடு) என்று பொறித்திருக்கும்.

இன்னொன்று. யூஎஸ்பி 2.0 சாமான் வரும் அட்டைப் பெட்டியில் வேகம் 480 என்று போட்டிருப்பார்கள். அது மெகாபிட். திரையில் காட்டுவது பைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், எனவே 480 என்பது 60. அதிலும் கணினியும் சாதனமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செலவு போக 30, 40தான் கையில் நிற்கும். அதாவது, ஆடாமல் அசையாமல் நின்ற அந்த 33 நோயே இல்லை. பழைய யூஎஸ்பியின் ஆரோக்கியமான வேகம். அது தெரிந்திருந்தால் பெட்டியைச் சுமந்திருக்க மாட்டேன்.

சரி, பென் டிரைவ் என்ன ஆயிற்று? அதையும் நீல ஓட்டையில் மாட்டினேன். 90இல் பாய்ந்து கிளம்பி, சில நிமிடத்தில் பழையபடி 9. இதற்கு மருந்து கிடையாது. பல பென் டிரைவ்களில் கொஞ்சம் இடத்தை மட்டும் வேகமாக எழுதும்படி வைத்திருக்கிறார்கள். அது நிரம்பியதும் சுயரூபம் தெரியும். நாலரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் முழுதும் ஏற்றினேன். அதிலும் போட்டோக்கள் இருந்த ஃபோல்டர் நகரவே இல்லை. ஒரு பெரிய வீடியோவை எழுதுவது ஒரே மணியார்டர் அனுப்புவது போல. ஆயிரக்கணக்கான போட்டோ என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாரம் நிரப்ப வேண்டும்.

என் கோரிக்கை இங்கேதான் வருகிறது. அந்தப் பென் டிரைவ் அட்டையை மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல வேண்டிய எண், எல்லாம் சட்டப்படி இருக்கின்றன. "யூஎஸ்பி 3.2 ஜென் 1" என்று பெரிதாகவும் இருக்கிறது. அது வேறொன்றுமில்லை, பழைய 3.0தான். நடுவில் 3.1 ஜென் 1 என்றும் பெயர் வைத்தார்கள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர், வேகம் என்னவோ அதே 5 ஜிகாபிட். அதுவும் வாசலின் அகலம்தான். உள்ளே எழுதும் வேகம் எவ்வளவு என்று ஒரு எழுத்து இல்லை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கே நட்சத்திர லேபிள் கட்டாயம். பென் டிரைவுக்கு, "தொடர்ந்து எழுதும் வேகம், நொடிக்கு இத்தனை எம்பி" என்று ஒரு வரி அச்சிடச் சொல்வது பெரிய காரியமா? ஒயர் விற்பவர்களும் அது 2.0வா 3.0வா என்று அந்த ஒயரிலேயே பொறிக்கலாம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். உங்கள் பத்திரிகையும் ஒரு வார்த்தை எழுதினால் கொஞ்சம் எடுபடும்.

போர்டை மாற்றவில்லை. பென் டிரைவ் கூரியரில் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது. போன் ஒயர் முனையையும் டிஸ்க் ஒயர் முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோ ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
மயிலாடுதுறை