தட்டும் வீச்சும்

மயூர் விஹார், டெல்லி
ஏப்ரல் 9

அன்புள்ள சுந்தரம்,

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடி ஏறுகிறாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் என் பேத்தி. பதினொரு வயது. "தாத்தா, அவலாஞ்சியில நீங்க ரெண்டு பேரும் மீன் பிடிப்பீங்களாமே" என்று பிடித்துக்கொண்டாள். உன் அப்பாவின் மூங்கில் கோலை முறித்த கதை எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது.

சரியென்று பரணிலிருந்து ஒன்பதடி ஃப்ளை ராடை, கொக்கியில் பூச்சி மாதிரிக் கட்டிய பொய் ஈயை வீசும் அந்தக் கோலை, இறக்கினேன். சொசைட்டிப் பூங்காவில்தான் பாடம். கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு. அப்படியும் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். வாக்கிங் வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "அங்கிள், இங்கே மச்லி எங்கே?" என்று ஒரு பையன் கேட்டான். இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "புல்லுக்குள்ளே" என்றாள்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் பொய் ஈக்கு எடையே கிடையாது, கனமெல்லாம் நூலில்தான். அது புரியாமல் சாட்டை மாதிரிச் சுழற்றினாள். நூல் அவள் தலையிலேயே வந்து குவிந்தது. பின்னால் போகும் நூல் முழுதாக நீளும்வரை கை நிற்க வேண்டுமே, அதுதான் வரவில்லை. பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் கோல் ஆட வேண்டும் என்று கடிகார முள் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். பாட்டு கிளாஸ் போகிற பிள்ளையாயிற்றே என்று கடைசியில்தான் உறைத்தது. "ஆதி தாளக் கடைசியில் தட்டு, வீச்சு போடுகிறாயே, இரண்டுக்கும் நடுவே கை சும்மா இருக்கிறதல்லவா, அந்த நேரம்" என்றேன். மறுநாள் நூல் நேராக விழுந்தது.

பரீட்சை முடிந்ததும் தீர்த்தன் ஆற்றுக்குப் போனோம். இமாச்சலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் மீன் பிடிக்கத் தடை, இனப்பெருக்கக் காலம். மே வந்தால் பனி உருகித் தண்ணீர் கலங்கிவிடும். இரவு பஸ்ஸில் ஔட், அங்கிருந்து பஞ்ஜார் வழியாக குஷைனி. மீன்வளத் துறை சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கினால், இவள் கோலைத் தொடவே இல்லை! கல்லைக் கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். மணலை ஒட்டிச் சட்டை தைத்துக்கொண்ட புழுக்கள் அடியில் இருந்தன. எனக்கோ பொறுமை போய்விட்டது. மிதக்கும் ஈயைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வீசினேன். ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் அவள் வந்து என் பெட்டியைத் துழாவி, அந்தப் புழு ஜாடையில் மூழ்குகிற ஒன்றை எடுத்து, "இதைக் கட்டுங்க" என்றாள். அடுத்த முறை யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் கல்லிலிருந்துதான் ஆரம்பிப்பேன், கோல் பிறகு.

மறுநாள் காலை ஒரு பாறையின் பின்னால் ஒரு மீன் கடித்தது. சாண் நீளம், சிவப்புப் புள்ளிகள். நம் நீலகிரியில் ரெயின்போ ட்ரவுட், இது பிரவுன் ட்ரவுட். இரண்டுமே வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டவைதான். மீனைக் காயமில்லாமல் திருப்பி விடுவதற்காகக் கொக்கியின் எதிர்முள்ளை முன்பே நசுக்கியிருந்தேன். கையை நனைத்துக்கொண்டு தொடச் சொன்னேன். நான் போட்டோ எடுப்பதற்குள் நழுவிப் போயிற்று. வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "மீன் எங்கே?"

ஜூனில் குன்னூர் வருகிறோம். உன் அப்பாவின் ஈப்பெட்டியைப் பூச்சி அரிக்காமல் விட்டிருந்தால் எடுத்து வை. கோல் முறிந்ததைப் பற்றி அவள் உன்னைத் தனியாக விசாரிப்பாள். முறித்தது நீதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

அன்புடன்,
வைத்தி