சுந்தரத்துக்கு: சாயம் ஏற்றும் முன்

கோயம்புத்தூர்,
நவம்பர்

அன்புள்ள சுந்தரம்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. டிரிங்கோமலி கப்பல் மாடலுக்கு வெளிப்பலகை முழுக்க ஒட்டி முடித்துவிட்டாய் என்பதில் இன்னும் சந்தோஷம். 64-ல் ஒன்று அளவில் அது லேசான வேலை இல்லை.

வலப்புற அணியத்தில் (கப்பலின் முன்பகுதியில்) மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் திட்டுத்திட்டாக வெளிறி நிற்கிறது என்று கடைக்காரரைத் திட்டியிருக்கிறாய். அவரை விட்டுவிடு. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்: வெளிறல் எல்லாம் பலகைகளின் மூட்டு ஓரமாகவே ஓடுகிறது, பலகையின் நடுவில் ஒன்றுகூட இல்லை. அது ஃபெவிகால். ஒட்டும்போது பிதுங்கி வந்ததை ஈரத்துணியால் துடைத்திருப்பாய். துடைத்தால் அது போகாது. நீர்த்துப்போய் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிக்கொள்ளும். காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது, ஸ்டெயின் பட்டதும்தான் பல்லிளிக்கும். பிதுங்கிய பசையைத் தொடாமல் விட்டு, தயிர் பதத்துக்கு இறுகியதும் உளி முனையால் சுரண்டி எடுப்பதுதான் முறை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். முதலில் பென்சிலால் நீர்மட்டக் கோட்டைப் போட்டுக்கொள். அதற்குக் கீழே செப்புத் தகடு வரப்போகிறது, அங்கே எத்தனை திட்டு இருந்தாலும் யாருக்கும் தெரியாது, கை வைக்காதே. கோட்டுக்கு மேலே மட்டும் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லச் சுரண்டு. ஃபெவிகாலை வினிகர் கலந்த வெந்நீர் இளக்கும். ஃபெவிக்விக் பட்ட இடமென்றால் அசிட்டோன் வேண்டும். பிறகு 180 உப்புத்தாள், அதன் பின் 240, இழை ஓடும் திசையிலேயே. அதோடு நிறுத்திக்கொள். 400 வரை போய் வழுவழுப்பாக்கினால் மரத்தின் மேல்தோல் மெருகேறி, ஸ்டெயினை உள்ளே விடாது. தேய்த்து முடித்ததும் டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார். பசை மிச்சமிருந்தால் அந்த இடம் ஈரமாகாமல் வெளிறித் தெரியும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் யாரும் ஸ்டெயின் டப்பாவைத் திறக்கவே கூடாது என்பேன்.

பசை போன பிறகும் உன் பலகை மரமான பாஸ்வுட் இன்னொரு வம்பு செய்யும். அதன் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். மென்மையான இடம் அதிகம் குடிக்கும், இறுகிய இடம் கொஞ்சமாகக் குடிக்கும். பலகை நுனிகள் எல்லாவற்றையும்விட மோசம், உறிஞ்சிக் கறுத்துவிடும். அதனால் ஸ்டெயினுக்கு முன்பு அவலரக்கை (ஸ்பிரிட்டில் கரையும் ஷெல்லாக் அரக்கு) மிக மெல்லியதாக ஒரு கை பூசு. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 6 கிராம் அவலரக்கு போதும், நுனிகளில் மட்டும் இரண்டு கை. ஒரு மணி நேரம் கழித்து 320 தாளால் தடவினாற்போல் ஒரு தேய்ப்பு. இதன் மேல் எண்ணெய் வகை ஸ்டெயினோ தண்ணீரில் கரைத்த சாயமோ போடலாம். ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் மட்டும் கூடாது. அது அடியில் இருக்கும் அரக்கையும் கரைத்துக்கொண்டு கோடு கோடாக இழுக்கும்.

டப்பாவில் வரும் வுட் ஸ்டெயின் பெரும்பாலும் வண்ணத்தூள். அந்தத் தூள் மரத்தின் துளைகளிலும் உப்புத்தாள் கீறல்களிலும் போய் அடையும். கதவுக்கு அது அழகு. உன் கப்பலில் ஒவ்வொரு கீறலும் கறுப்புக் கோடாகத் தெரியும். தண்ணீரில் கரையும் சாயத்தூள் அப்படியில்லை, இழையையே நிறமாக்கும், மரம் மூடிப்போகாது. 100 மில்லி வெந்நீருக்கு 3 கிராம் என்பது முழு அடர்த்தி. உனக்கு அதில் பாதி போதும். தண்ணீர் பட்டால் மரத்தின் இழை மயிர்போல் எழும்பும் என்பதால், முதலில் வெறும் தண்ணீர் தடவிக் காயவைத்து 320-ல் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, பிறகு சாயம் போடு. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் நனைத்து, உடனே துடை. நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் கோடாக நிற்கும். காய்ந்ததும் சாம்பல் பூத்தாற்போல் மங்கித் தெரியும், பயந்து இன்னொரு கை போட்டுவிடாதே. ஈரமாக இருந்தபோது பார்த்த நிறம்தான் மேல்பூச்சுக்குப் பிறகு வரும்.

தேக்கு நிறம் வேண்டும், தேக்கையே போட்டிருக்கலாமோ என்று கேட்டிருந்தாய். அசல் கப்பல் மலபார் தேக்கு என்பது உண்மைதான். பம்பாயில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா கட்டி, 1817 அக்டோபர் 12-ல் கடலில் இறக்கினார்கள். அதற்காக இங்கிலாந்திலிருந்து முதலில் அனுப்பிய வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலில் வந்தன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷனிடம் ஜாவா அடிபட்டு அழிந்தது, வரைபடங்களும் போயின, மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. இருநூறு வருஷம் தாண்டியும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் டிரிங்கோமலி மிதந்துகொண்டிருப்பதற்குத் தேக்குதான் காரணம். ஆனால் அந்தக் காரணம் மாடலுக்குச் செல்லாது. தேக்கின் பெரிய துளை ஒன்று ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 64-ல் ஒன்று கணக்கில் அது 16 மில்லிமீட்டர், அதாவது விரல் நுழையும் ஓட்டை. பலகை முழுக்கப் பூச்சி அரித்தது மாதிரி இருக்கும். போதாததற்கு அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுவதையும் மேல்பூச்சு காய்வதையும் கெடுக்கும். அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டினால் சமாளிக்கலாம், ஆனால் இத்தனை பாடு எதற்கு?

அடுத்த கப்பலுக்கு மஞ்சள் கடம்பு பார். இழை நெருக்கம், துளை கண்ணுக்குத் தெரியாது, ஐரோப்பாவில் பாக்ஸ்வுட் என்று கொண்டாடும் மரத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். அறுத்தபோது மஞ்சளாக இருந்து, வெளிச்சம் படப்படப் பழுப்பேறும். அதற்குச் சாயமே வேண்டாம். என்னைக் கேட்டால் நல்ல மாடலில் நிறம் மரத்திலிருந்தே வர வேண்டும். ஸ்டெயின் என்பது கிடைத்த மரத்தோடு செய்துகொள்ளும் சமரசம்தான்.

மேல்தளத்துக்கு அந்தச் சமரசம் தேவையில்லை, நீ இன்னும் தொடங்கவில்லையே. வெட்பாலை மரத்தைப் போடு. கர்நாடகத்துச் சன்னபட்டணாவில் பொம்மை கடையும் மரம்தான். தந்த நிறம், இழை இருக்கிற இடமே தெரியாது. வாங்கும்போது சாம்பல் கீற்று ஓடிய கட்டையைத் தள்ளிவிடு. அது பூஞ்சை, தேய்த்தால் போகாது. அசலில் 10 அங்குலப் பலகை உனக்கு 4 மில்லிமீட்டர். 24 அடி நீளம் 114 மில்லிமீட்டர். கலப்பற்றுக் கோடு (பலகைகளுக்கிடையே நீர் புகாமல் அடைக்கும் கறுப்பு வரி) 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வரிக்குதிரைதான். கறுப்பு மார்க்கரைப் பலகை ஓரத்தில் இழுத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அந்த மை ஸ்பிரிட்டில் கரையும். மேலே அரக்கு பூசிய கணமே வெள்ளைப் பலகைக்குள் நீலமும் ஊதாவுமாகப் பரவும், அப்புறம் தளத்தையே பிடுங்க வேண்டியதுதான். மெல்லிய கறுப்புக் காகிதத்தைப் பலகையோடு பலகையாக ஒட்டி, காய்ந்ததும் மேலே துருத்துவதைச் சீவு. இல்லாவிட்டால் 4பி பென்சில்.

காகிதமோ பென்சிலோ, எதுவானாலும் தளத்தில் உப்புத்தாள் படக் கூடாது. கறுப்புத் தூள் வெள்ளை மரத்தின் இழைக்குள் போய்த் தளமே அழுக்காகிவிடும். முதலில் ஒரு கை அரக்கு பூசி இழைகளை அடைத்துவிட்டு, புது பிளேடால் சுரண்டு. சீவல் மாவாக உதிராமல் சுருளாக வந்தால் பிளேடு கூர்மையாக இருக்கிறது என்று அர்த்தம். மூங்கில் குச்சியை அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு மெலிதாக்கி ஆணியாக அடித்தால், அதன் நுனி பூச்சைக் கூடுதலாகக் குடித்துத் தானே ஒரு நிழல் இருண்டு தெரியும், தனிச் சாயம் வேண்டாம். தளத்துக்கு லின்சீட் எண்ணெய் மட்டும் கொண்டுபோய்விடாதே. சில வருஷத்தில் மஞ்சளாகிவிடும். வெயிலும் கடல்நீரும் பட்ட உண்மையான தளம் வெளிறிய சாம்பல், மஞ்சள் அல்ல.

பக்கவாட்டில் ஓடும் அந்தத் தடித்த கறுப்புப் பட்டைகளுக்குப் பெயின்ட் அடிக்காதே. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கு. 200 மில்லி வெந்நீரில் 20 கிராம் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டு. இன்னொரு கண்ணாடிப் புட்டியில் 200 மில்லி வெள்ளை வினிகர், அதில் 10 கிராம் ஸ்டீல் உல் (மெல்லிய இரும்பு நார்). உல்லைச் சோப்புப் போட்டு அலசி எண்ணெய் போக்கிவிட்டுப் போடு. ஒரு வாரம் இருக்கட்டும், மூடியை இறுக்கிவிடாதே, உள்ளே வாயு உண்டாகும். பட்டைகளை ஒட்டுவதற்கு முன்பே கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவை, பிறகு இரும்புத் தண்ணீரைத் தடவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். போதாவிட்டால் இரண்டையும் அதே வரிசையில் இன்னொரு சுற்று. கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் இதே கடுக்காய்க்கும் இரும்புக்குமான உறவில்தான். வால்நட், ஓக் மாதிரி மரங்களில் துவர்ப்பு (டானின்) தானாகவே இருப்பதால் இரும்புத் தண்ணீர் மட்டும் போதும். பாஸ்வுட்டில் அது இல்லை, கடுக்காய் இல்லாமல் அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும். கறுப்பு மேல்தோலோடு நிற்காமல் கொஞ்சம் உள்ளே இறங்குவதால், ஒட்டும்போது லேசாகக் கீறினாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது. கடைசியில் வெறும் தண்ணீரால் துடைத்துவிடு. வெள்ளைத் தளத்தில் ஒரு சொட்டு தெறித்துவிட்டால் ஆக்ஸாலிக் அமிலம், 100 மில்லி வெந்நீருக்கு 5 கிராம், தூரிகை நுனியால் தொட்டு வை. கறை வெளுத்ததும் நன்றாகக் கழுவு. விஷம் அது, கையுறை போட்டுக்கொள், பேரன் பக்கத்தில் இல்லாதபோது செய்.

மேல்பூச்சுக்கு உன் ஆசாரி என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலரும் பளபள லாக்கரும் சொல்லியிருக்கிறார். அவர் கட்டில், பீரோ கணக்கில் பேசுகிறார். அந்தப் பூச்சு தடிமனாக ஏறி, பலகைக் கோடுகளையும் ஆணித் தலைகளையும் முழுங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரப்போகும் பொருளுக்குச் சாப்பாட்டு மேஜைப் பாதுகாப்பு எதற்கு? அவலரக்கே போதும். 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம், மடித்த பருத்தித் துணியில் தொட்டு, போன இடத்துக்கே திரும்பிப் போகாமல் இரண்டு கை. கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார், மறுநாளும் பிசுபிசுத்தால் கொட்டிவிடு. மேலே பாலியூரிதேன் போடும் எண்ணம் இருந்தால் மெழுகு நீக்கிய அரக்காக வாங்கு. சாதாரண அரக்கில் இருக்கும் மெழுகின் மேல் அது பிடிக்காமல் உரியும்.

இப்போது சென்னையில் மழை. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும், அரக்கு வெள்ளை பூத்துவிடும். பூத்தால் பதறாதே. காய்ந்த நாளாகப் பார்த்து ஸ்பிரிட் தொட்ட துணியால் மெதுவாக ஒரு வீச்சு, சரியாகிவிடும். மினுக்கம் அதிகமாகத் தெரிந்தால் 0000 என்ற மிக நுண்ணிய ஸ்டீல் உல்லால் தடவலாம். பீரங்கிகளும் கயிறுகளும் வருவதற்கு முன்பே இதை முடித்துவிடு, துகள் மாட்டினால் எடுக்க முடியாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் வேண்டாம், கீறிவிடும். இன்னொன்று: பூச்சின் மேல் ஃபெவிகால் பிடிக்காது. தளத்தில் எது எங்கே ஒட்டப் போகிறதோ அந்த இடத்தை மட்டும் சுரண்டி வெறும் மரமாக்கிக்கொள்.

செப்புத் தகடு 19-க்கு 5.5 மில்லிமீட்டர் வெட்டு, அசலில் 4 அடிக்கு 14 அங்குலம். ஒட்டுவதற்கு முன் அடியில் மட்டும் இரண்டு கை அரக்கு பூசித் தேய்த்துவிடு, பூச்சில்லாத வெறும் மரத்தில் தகட்டை ஒட்டும் பசை நிற்காது. தகடு விஷயம் பெரிது, அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தளத்துக்கு லின்சீட் எண்ணெய் வேண்டாம் என்று நான் சொன்னாலும் பீடத்துக்கு நீ எண்ணெய்தான் போடுவாய் என்று தெரியும். போடு. ஆனால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடாதே. லின்சீட் காயும்போது சூடாகும், குவிந்து கிடக்கும் துணி தானே தீப்பற்றும். விரித்துக் கொடியில் போடு, அல்லது தண்ணீரில் முக்கி வை.

கால் கிலோ அவலரக்கு உனக்கும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன். கொரியரில் அனுப்பவா, இல்லை பொங்கலுக்கு நீங்கள் வரும்போது எடுத்துக்கொள்கிறாயா என்று எழுது. அதற்குள் மிச்சமிருக்கும் பாஸ்வுட் துண்டு ஒன்றில் அரக்கு, சாயம், மேல்பூச்சு மூன்றும் வரிசையாகப் போட்டுப் படம் அனுப்பு. நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்